வக்கீலின் மொழிபெயர்ப்பு

பிப்ரவரி 4, செவ்வாய்

அத்தானிடமிருந்து பார்சல் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய்ப் பத்து நாளாகிறது. லிஃப்ட் கம்பெனியின் உதவி எண்ணில் உட்கார்ந்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு "பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க" என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் வீட்டுக்கு இந்தக் கதி. யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

பொம்மை இருக்கும் என்று சின்னவள் பெட்டியைக் கடிக்காத குறை. உள்ளே எல்லாம் சீனமொழிப் பயிற்சிப் புத்தகங்கள். ஒரு கட்டு. பக்கம் முழுக்கக் கட்டங்கள். முதல் கட்டத்தில் எழுத்து கறுப்பாக இருக்கிறது. அடுத்த சிலவற்றில் சாம்பல் நிறத்தில், அதன்மேலேயே பென்சிலை ஓட்ட வேண்டும். மீதிக் கட்டங்கள் காலி. சின்னவள் முகம் சுருங்கிவிட்டது.

அத்தான் போன் செய்தார். "செப்டம்பர்ல இங்க ஸ்கூல்ல சேத்துடலாம்னு இருக்கேன். அதுக்குள்ள பேசவும் கொஞ்சம் எழுதவும் வரணும். தினம் ஒரு மணி நேரம் உக்காரவை. மத்த நேரம் வீட்லயே புழங்க விடு, தானா வந்துடும்."

"எனக்கே தெரியாதே அத்தான்."

"உனக்கு எதுக்கும்மா தெரியணும்? பக்கத்துல உக்காந்தா போதும். இங்க என் வீட்டுக்காரி வேற, குழந்தைங்க எப்ப வரும், எப்ப வரும்னு துடிக்கிறா. உனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா? எத்தனை நாள்தான் என் பிள்ளைங்களைச் சுமப்பே?"

அன்பாகத்தான் சொன்னார். சரி என்றேன். நான் எதற்குத்தான் சரி சொல்லவில்லை?

அக்கா போய் ஐந்து வருஷம். சின்னவளுக்கு அப்போது நாலு பல். அன்றிலிருந்து இரண்டும் என்னோடு. அத்தான் சீனமொழி பேசுகிற ஒரு துறைமுக ஊரில், கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. போன வருஷம் அந்த ஊரிலேயே ஒரு சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அவள் பஸ் ஓட்டுகிறாளாம். தப்பில்லை. தப்பென்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

முதல் பாடம். முதல் சொல்லே "நீ". சீனத்திலும் "நீ" என்றால் நீ! எனக்கே ஆச்சரியம்.

பெரியவளுக்குப் பதினொன்று. எதற்கும் வாதாடுவதால் வக்கீல் என்று பெயர் வைத்து, இப்போது பள்ளிக்கூடத்தில்கூட அதுதான். "அப்ப மொழியில பாதி தெரிஞ்சுபோச்சு சித்தி. எழுந்திருக்கலாமா?" என்றாள்.

சின்னவள் உருண்டை. பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை. அவள் அதே எழுத்தின்மேல் நாக்கைத் துருத்திக்கொண்டு பென்சிலை ஓட்டினாள்.

அடுத்த பக்கம் குடும்பம். அப்பாவுக்கு "பாபா", அம்மாவுக்கு "மாமா". உருண்டை விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மாதான் மாமாவா? அப்ப மாமா யாரு?" நானும் சிரித்துவிட்டேன். வக்கீல் சிரிக்கவில்லை. "இந்தப் பக்கம் வேணாம். அடுத்த பக்கம் போலாம்" என்று திருப்பிவிட்டாள்.

அம்மா இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனோம்.

பிப்ரவரி 10, திங்கள்

தோள் வலி. தொண்டை வலி. புத்தகம் எடுத்தோம், மூடினோம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

போனில் அத்தானின் புது மனைவியைப் பார்த்தோம். முகம் பார்த்துப் பேசுவது இதுதான் முதல் தடவை. நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு. சிரித்தாள், உடனே அத்தானைப் பார்த்தாள், மறுபடி சிரித்தாள். அத்தான் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் சீனம் என்று மாற்றி மாற்றிச் சொன்னார்.

என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தது. "சித்தின்னு கூப்பிடட்டும்" என்றார் அத்தான்.

"சித்தி இங்க இருக்காங்களே?" என்றாள் உருண்டை.

அத்தான் தலையைச் சொறிந்தார். அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்தி. நம் மொழியில் இரண்டு பேருக்கும் ஒரே நாற்காலி.

அவளே முடித்துவைத்தாள். "ஆயீ" என்று தன்னைத் தொட்டுக் காட்டினாள். வயதில் மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்களாம். உருண்டைக்குக் கேட்க வேண்டுமா — "ஆயி! ஆயி போறது!" என்று தரையில் புரண்டாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பிறகு புத்தகத்தின் பின்பக்க அகராதியைப் பார்த்தேன். ஆயீ: பெரியவர்களான பெண்கள், அம்மாவின் சகோதரி. அங்கேயும் ஒரே நாற்காலிதான்.

பிப்ரவரி 26, புதன்

"வீட்லயே புழங்க விடு." சரி, விட்டாயிற்று. கதவு, ஜன்னல், கண்ணாடி, குழாய், எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டினோம். மாடிப்படியைச் சீனத்தில் எண்ணிக்கொண்டே ஏறுகிறோம். மூச்சு வாங்கும்போது ஏழும் எட்டும் ஒன்றுபோலத்தான் வருகிறது எனக்கு.

சாப்பாட்டு மேஜையில் ஒரு சட்டம் — வக்கீல் போட்டது. வேண்டும் என்றால் "யாவ்". வேண்டாம் என்றால் "பூ யாவ்". தமிழில் கேட்டால் கிடையாது. நானும் அவர்களோடு "யாவ், யாவ்" என்று பூனை மாதிரிக் கத்தியபடி சாப்பிடுகிறேன். காய் வைத்தால் மட்டும் இரண்டும் ஒரே குரலில் "பூ யாவ்". பூ என்று சொல்லி மறுப்பது எவ்வளவு நாகரிகம்!

மார்ச் 5, புதன்

எழுத்தின் கோடுகளுக்கு வரிசை உண்டு. எந்தக் கோடு முதலில், எது பிறகு, மேலிருந்து கீழா, இடமிருந்து வலமா — மாற்றிப் போட்டால் தப்பு. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் தப்புதானாம். "எழுத்து வந்தா போதாதா, எப்படி வந்துச்சுன்னு யாரு பாக்கப் போறாங்க?" என்கிறாள் வக்கீல். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று அத்தான் சொன்னது பொய். நான் ஒரு பக்கம் முன்னால் போகாவிட்டால் அவளோடு வாதாட முடியாது.

அதனால் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் நான் எழுதிப் பார்க்கிறேன். பக்கத்து சீட்காரி எட்டிப் பார்த்து, "என்னடி, கோலமா?" என்றாள்.

"சீனம்."

"யாருக்கு?"

"குழந்தைங்களுக்கு. செப்டம்பர்ல அப்பாகிட்ட போறாங்க."

அவள் வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "ஏன்டி, போற புள்ளைங்களுக்கு நீயே செருப்பு மாட்டிவிடறியா?"

போன் அடித்தது. யாரோ ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் நிற்கிறாராம். பயப்படாதீங்க என்றேன்.

மார்ச் 13, வியாழன்

அத்தான் வேலைக்குப் போயிருந்த நேரம் ஆயீயே கூப்பிட்டாள். போனில் மொழிபெயர்க்கிற ஆப் ஒன்றைப் போட்டாள். அது தமிழில் சொன்னது: "உங்கள் குழந்தைகள் கொதித்துவிட்டனவா?" உருண்டை தன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இல்லை" என்றாள். "நல்லா இருக்காங்க" என்று நான் சொன்னதை அது எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்ததோ, அவள் முகம் வெளிறிவிட்டது. அதோடு அந்த ஆப்புக்கு விடை கொடுத்தாயிற்று.

மார்ச் 20, வியாழன்

ஒன்றுமில்லை. வேலை, பாடம், துவையல். கால் வீக்கம்.

மார்ச் 29, சனி

இப்போது ஆயீ தினமும் குரல் பதிவு அனுப்புகிறாள். பஸ் கடைசி நிறுத்தத்தில் நிற்கிற சில நிமிஷங்களில் பேசுவது. ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. மழை. சிவப்புக் குடை. நாய், பெரிய நாய். ஒரு கிழவர் இறங்க மாட்டேன் என்கிறார். குழந்தைகள் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டு, தெரிந்த சொல் வந்தால் மேஜையைத் தட்டுவார்கள். பயிற்சிப் புத்தகத்தில் பத்துப் பக்கம் செய்யாததை அந்த நாய் செய்துவிடுகிறது.

வேலைக்குப் போகிற வழியில் நானும் கேட்கிறேன். குழந்தைகளுக்குத் தெரியாது. ஏன் கேட்கிறேன்? பாடத்துக்காக என்றுதான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். துடிக்கிறாள் என்றாரே அத்தான். இந்தக் குரலில் துடிப்பு இல்லை. ஒழுங்கு இருக்கிறது, நிதானம் இருக்கிறது. ஒவ்வொரு பதிவின் முடிவிலும் மூச்சை விட்டு "லெய்" என்று ஒரு சொல். அகராதியில் தேடினேன். களைப்பு. எழுத்தைப் பார்த்தால் மேலே வயல், கீழே நூல். ஒரு வயலைத் தூக்கி நூல்மேல் வைத்தால் என்ன ஆகும்? அதுதான் போல.

அந்த ஓர் எழுத்தை மட்டும் யாரும் சொல்லாமல் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன்.

ஏப்ரல் 9, புதன்

இன்று "ஹாவ்". நல்லது என்று அர்த்தம். பெண் என்ற எழுத்தும் குழந்தை என்ற எழுத்தும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எந்தப் பெண், எந்தக் குழந்தை என்று புத்தகத்தில் போடவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

வக்கீல் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"எழுத மாட்டேன்."

"ஏன்?"

"எழுதலைன்னா ஸ்கூல்ல சேக்க மாட்டாங்கல்ல? சேக்கலைன்னா போக வேணாம்ல?"

"அப்பாவப் பாக்க வேணாமா உனக்கு?"

"பாக்கணும். அதுக்கு எதுக்கு வீட்டை மாத்தணும்? அவரு வரட்டுமே."

எனக்கு வந்த கோபம்... "வாயாடாத, எழுது!" என்று கத்திவிட்டேன். நாள் முழுக்க அடைபட்டவர்களிடம் நயமாகப் பேசிவிட்டு வந்து இவளிடம் கத்துகிறேன். அவள் அழவில்லை. பென்சிலை எடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் வேண்டுமென்றே கோட்டு வரிசை மாற்றி, கீழிருந்து மேலாக எழுதினாள். முடித்த பக்கம் பார்க்க அழகாகவே இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தப்பு என்று சொல்லவில்லை.

கத்தினது அவமேலயா? அவ கேட்டதையேதானே நானும் கேக்கணும்னு இருந்தேன்? எனக்கு அந்தத் தைரியம் எங்க போச்சு?

ஏப்ரல் 27, ஞாயிறு

பத்து நாளாகப் புத்தகத்தை எடுக்கச் சொல்லவில்லை. சனிக்கிழமை மூவரும் பூங்காவில் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் பிள்ளைகள். அவர் கேட்டது தினம் ஒரு மணி நேரம். நான் சோம்பலாக இருந்தால் அவர்கள் அங்கே போய் வகுப்பில் வாயடைத்து உட்கார்ந்திருப்பார்கள் — நான் அல்ல. போகாமல் நின்றுவிடுவார்கள் என்று யார் சொன்னது?

நாளையிலிருந்து மறுபடி.

மே 4, ஞாயிறு

உருண்டைக்கு நாக்கு திறந்துவிட்டது. வக்கீல் எழுத்தில் கெட்டி, இவள் பேச்சில். இன்று ஆயீயோடு ஐந்து நிமிஷம் தனியாகப் பேசினாள். பாதி சைகை, பாதி சீனம். என்ன பேசினீர்கள் என்றேன். "பஸ்ல எனக்கு முன்னாடி சீட்டு தருவாங்களாம். கண்ணாடி துடைக்கற குச்சி ரெண்டும் சண்டை போடுமாம்."

மத்தியானம் சோறு போடும்போது நான் வைத்த அளவு போதாமல் தட்டைப் பார்த்தபடியே "யாவ்" என்றாள். விளையாட்டுக்கு அல்ல. தானாக வந்தது. அத்தான் சொன்னது சரிதான். தானா வந்துடும்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். பட்டேன். இரண்டாவது கரண்டி போட்டுவிட்டு, சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மே 18, ஞாயிறு

அத்தான் தேதி சொன்னார். ஆகஸ்ட் முதல் வாரம் வந்து கூட்டிப் போகிறாராம். "என்ன, சரிதானே?" என்றார்.

சரி.

மே 27, செவ்வாய்

உருண்டையின் கம்பளிச் சட்டையைப் பிரித்து இரண்டு விரல் பெரிதாக்கினேன். அங்கே குளிருமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

சாப்பிட்டு முடித்திருந்தோம். ஆயீ கூப்பிட்டாள். அத்தானுக்கு ஞாயிறு வேலை. அவள் தனியாக, வேலைச் சட்டையோடு அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்தோம். உருண்டையிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வக்கீலைப் பக்கத்தில் வரச் சொன்னாள். பிறகு என்னைக் காட்டினாள். எனக்குச் சொல்ல வேண்டும் என்று புரிந்தது.

பஸ் பதிவுகளில் பேசுகிற மாதிரியே பேசினாள். மெதுவாக, சின்னச் சின்னச் சொல்லாக. விரலில் மோதிரம் போடுகிற மாதிரிச் செய்து என்னைக் காட்டினாள்.

"உனக்குக் கல்யாணமான்னு கேக்கறாங்க சித்தி."

"எனக்கா? யாரோட, லிஃப்ட்டோடயா? இல்லைன்னு சொல்லு."

வக்கீல் சொன்னாள். அந்தப் பெண்ணின் நெற்றி சுருங்கியது. ஏதோ சொன்னாள். வக்கீல் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அப்பாதான் அப்படிச் சொன்னாராம். உனக்குக் கல்யாணம் ஆகப் போகுது, அதனாலதான் நாங்க அங்க வர்றோம்னு."

என்னிடம் அவள் துடிக்கிறாள் என்றார். அவளிடம் நான் போகிறேன் என்றார். பொய் சொல்கிற மனிதர் இல்லை அத்தான். ஆசைப்பட்டதை நடந்ததாகவே சொல்லிவிடுவார். அக்கா இருந்தபோதும் அப்படித்தான்.

அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். என் கண்ணைப் பார்த்து. "நீ யாவ்..." என்று தொடங்கினாள், இரண்டு குழந்தைகளையும் காட்டினாள், தன் பக்கம் கையை இழுத்தாள். வக்கீல் சொல்வதற்கு முன்னாலேயே புரிந்துவிட்டது.

"நாங்க அங்க போறது உனக்கு வேணுமான்னு கேக்கறாங்க."

நாலு மாதத்தில் இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டவள் அவள், கேட்ட வாய் பதினொரு வயதுக் குழந்தையின் வாய். உண்மையைச் சொன்னால் அதை இவள்தானே சுமந்துகொண்டு போய் அந்தப் பக்கம் இறக்க வேண்டும்? நாளைக்கு அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பாள்?

"வேணும்னு சொல்லு" என்றேன். "அப்பாகூட இருக்கறதுதான் நல்லது. எனக்குச் சந்தோஷம்தான்னு சொல்லு. இங்க எல்லாம் தயாராயிட்டிருக்குன்னு சொல்லு."

வக்கீல் என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரித் தெளிவாகச் சொன்னாள்:

"தா பூ யாவ்."

மூன்றே சத்தம். நான் சொன்னது அவ்வளவு நீளம். "தா" என்றால் அவள். மீதி இரண்டும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் நான் தினமும் கேட்பது. அவளுக்கு வேண்டாம்.

திருத்தியிருக்கலாம். "வோ யாவ்" என்றால் போதும், எனக்கு வேண்டும். இரண்டே சொல், இரண்டும் எனக்கு வரும். மேஜைமேல் சிந்தியிருந்த சோற்றுப் பருக்கை ஒன்றை விரலால் ஒற்றி எடுத்தேன்.

அந்தப் பெண் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. "ஹாவ்" என்றாள். மறுபடி "ஹாவ், ஹாவ்" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். முதல் நாளிலிருந்து அவள் தோள் மேலே தூக்கியபடியே இருந்தது. இன்றைக்குத்தான் இறங்கியது.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீ லெய் மா?" உனக்குக் களைப்பா என்று.

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "லெய்" என்றேன். "வோ லெய்."

அவள் சிரித்துவிட்டாள். தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு தானும் அதே சொல்லைச் சொன்னாள். நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் அத்தான் இல்லாமல் பேசியது அவ்வளவுதான்.

அப்போதுதான் கவனித்தேன். வக்கீல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது நுனி இரண்டும் சிவந்திருந்தது. 'லெய்' புரிந்த சித்திக்கு 'பூ யாவ்' புரிந்திருக்காதா?

போனை வைத்த பிறகும் அப்படியே நின்றாள்.

"சித்தி..."

"தட்டை எடுத்து வை" என்றேன். "காஞ்சு போச்சு பாரு."

எடுத்து வைத்தாள். ஒரு வாதமும் இல்லாமல்.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் அத்தான். "என்ன சொன்னே அவகிட்ட? யாரோட பிள்ளைங்களையும் பிடுங்கிட்டு வர நான் சம்மதிக்க மாட்டேங்கறா. ரெண்டு நாளா சரியாப் பேசலை. குழந்தை ஏதாவது தப்பாச் சொல்லிடுச்சா?"

இவ்வளவு சுலபமான வழி. குழந்தை, மொழி புதுசு, தப்பாகச் சொல்லிவிட்டது. தலையாட்டினால் போதும்.

"அவ சரியாத்தான் சொன்னா அத்தான். நான் சொன்னதுதான். எனக்கு இஷ்டமில்லை."

"நீ சரின்னுதானே..."

"நீங்க 'சரிதானே'ன்னு கேட்டீங்க. இஷ்டமான்னு கேக்கவே இல்லை."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும். எங்கோ இரும்பை அடிக்கிற சத்தம். பிறகு வேறு குரலில் கேட்டார்: "அப்ப நான் என் பிள்ளைங்கள எப்பதாம்மா பாக்கறது?"

அவர் சண்டை போட்டிருந்தால் தேவலை.

திரும்பினால் வக்கீல் கதவருகில், வாய் நிறைய நுரையோடு, பல் தேய்க்கிற பிரஷைப் பிடித்தபடி. எவ்வளவு கேட்டாளோ. "ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்றேன். ஓடிவிட்டாள்.

ஜூன் 4, புதன்

ஆபீசில் மூன்று தடவை தப்பான முகவரிக்கு ஆளை அனுப்பினேன். சூப்பர்வைசர் திட்டினார். நியாயம்தான்.

ஜூன் 15, ஞாயிறு

அத்தானும் அவளும் சேர்ந்து கூப்பிட்டார்கள். பேசி முடிவெடுத்திருக்கிறார்களாம். இரண்டு பேருக்கும் மாறி மாறி வேலை. நடுவில் குழந்தைகளை யார் பார்ப்பது என்று அவள் கேட்டிருக்கிறாள், அவருக்கு விடை தெரியவில்லை. இப்போதைக்குப் பள்ளி இங்கேதான். விடுமுறைக்கு விடுமுறை அங்கே; இவர்கள் பள்ளிக்கு ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை. பிறகு வக்கீலுக்குப் பதினைந்தானதும் அவளையே கேட்பது.

சொல்லும்போது அத்தான் என்னைப் பார்க்கவில்லை. முகம் வாடித்தான் இருந்தது. எனக்கும் ஜெயித்த மாதிரி இல்லை.

"அப்ப சீனம் வேணாமா?" என்றாள் உருண்டை, அழப்போகிற குரலில்.

"ஏன் வேணாம்? லீவுக்குப் போனா ஆயீகூட எப்படிப் பேசுவ?" என்று அவளை அதட்டியது வக்கீல்!

ஜூலை 5, சனி

குழந்தைகளை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். அத்தானே வந்திருந்தார். வாசலில் உருண்டை அழுது, உள்ளே போனதும் மறந்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினாள். வக்கீல் அழவில்லை. கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "திரும்பி வருவோம், எழுதிக் கொடுக்கட்டா?" என்றாள்.

"போடி" என்றேன்.

அத்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீ கொஞ்சம் ரெஸ்ட் எடும்மா" என்றார். அதில் கோபம் இருந்ததா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். இல்லை என்றே நினைக்கிறேன்.

ஜூலை 19, சனி

வீடு பெரிதாக இருக்கிறது. ஒட்டின சீட்டுகளில் பாதி பசை விட்டுத் தொங்குகின்றன. எடுக்கவும் மனமில்லை, ஒட்டவும் தெம்பில்லை. எத்தனை வருஷத் தூக்கம் பாக்கியோ, தூங்கித் தூங்கி விழிக்கிறேன். தூங்கினாலும் போகிற களைப்பாக இது இல்லை.

பக்கத்து சீட்காரி கேட்டாள், "ஜாலியா இருக்கியாடி?" என்று. ரொம்ப, என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் டப்பாவிலிருந்து பாதியை என் தட்டில் தள்ளினாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முந்தாநாள் வந்தார்கள். கறுத்து, வளர்ந்து, உருண்டைக்கு முன்பல் ஒன்று இல்லாமல். துணி மூட்டை மலை மாதிரி. இரண்டு நாளாகத் துவைக்கிறேன், இன்னும் அடி தெரியவில்லை. உருண்டை தூக்கத்தில் எந்த மொழியில் பேசுகிறாள் என்று எனக்கே சந்தேகம். அத்தானோடு தினமும் கடைக்கு நடந்து போனார்களாம். அப்பா ராத்திரி சாப்பாட்டுக்குக் காத்திருப்பாராம். அதைச் சொல்லும்போது வக்கீலின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஒரு வீட்டில் இருந்தால் இன்னொரு வீடு இல்லை. அதை நான் மாற்ற முடியாது.

நாளை பள்ளி திறக்கிறது. சாயங்காலம் ஆறு மணி இருக்கும், இன்னும் வெளிச்சம் போகவில்லை. பாடத்துக்கு உட்கார வேண்டுமே என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தால், அவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் நாற்காலியில், என் இடத்தில், காலை மடக்கி. உருண்டை பென்சிலோடு. அடுத்த நிலைப் புத்தகம், ஆயீ வாங்கிக் கொடுத்ததாம்.

உருண்டை அவசர அவசரமாகக் கோடு இழுத்தாள். "மான் மான்!" என்று வக்கீல் அதட்டினாள். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம். ஓடுகிற மானுக்கு அங்கே இப்படி ஒரு நிலைமை.

"நான் உக்காரட்டுமா?" என்றேன்.

"வேணாம் சித்தி. நீ வந்தா இவ கொஞ்சுவா. எழுத மாட்டா." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ போய்ப் படு. சாப்பாட்டுக்கு எழுப்பறேன்."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கோட்டு வரிசை சரியாகத்தான் இருந்தது, இரண்டு பேருக்கும். பிறகு வந்து படுத்துவிட்டேன். இதைப் படுத்தபடியேதான் எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் சண்டை. பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. எழுந்து போகப் போவதில்லை.